கயிற்றை இழுக்கலாமா, கூடாதா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ‘ஆண்டான்’ பழகிய சொல். ஆண்டான்-அடிமையில் வரும் ஆண்டான் இல்லை. ஜப்பானில் காகிதக் கூண்டு விளக்குக்கு அந்தப் பெயர். தொழிற்சாலையில் அது, கார்கள் வரிசையாக நகர்ந்து உருவாகும் லைனுக்கு மேலே தொங்கும் விளக்குப் பலகை. கோளாறு கண்ணில் பட்டால் தொழிலாளி பக்கத்திலிருக்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார்.

பிடியை இறுக்கி வேலை வாங்குவதா, கூட நின்று பழக்கி வாங்குவதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒப்பிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே ஆட்கள் வேறு, அங்கே தொழில் வேறு என்று ஆகிவிடும். எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சங்கடம் குறைவாக இருக்கும் இடம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட். கட்டடம் ஒன்று, தொழிற்சங்கம் ஒன்று, ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். மேலே இருந்தவர்கள்தான் மாறினார்கள்.

1982 வரை அது ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. ஸ்டாப்வாட்சோடு 80 தொழிற்துறைப் பொறியாளர்கள் இருந்தார்கள். எந்த போல்ட்டை எப்படி, எத்தனை வினாடியில் முடுக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். முடுக்குகிறவரிடம் கேட்கும் வழக்கம் கிடையாது. லைன் மட்டும் நிற்கவே கூடாது. தப்பாகப் பூட்டிய கார் தப்போடே அடுத்த ஆளிடம் போகும், கடைசியில் வெளிமுற்றத்தில் நிறுத்திச் சரிசெய்வார்கள். இவ்வளவு பிடி இருந்த ஆலையில் ஒழுங்கு எப்படி இருந்தது? சில நாட்களில் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். வந்தவர்களில் சிலர் வேலை நேரத்திலேயே குடித்தார்கள். தீராத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கார் கதவுக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. சொந்த வேலை என்று ஒன்று இல்லாதவர்கள் செய்த சொந்த வேலை அது.

ஆலையை மூடிவிட்டார்கள். பிறகு டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் அதைத் திறந்து, 1984 டிசம்பரில் முதல் காரை இறக்கினார்கள். தொடக்கத்தில் எடுத்த தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆலையின் ஆட்கள். அவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு, டகவோகா ஆலைக்கு அனுப்பி, அங்கே உள்ள தொழிலாளிகளின் பக்கத்திலேயே நிறுத்திப் பழக்கினார்கள். அதிகாரிகளுக்குத் தனி சாப்பாட்டு அறை, தனி பார்க்கிங் எல்லாம் போய்விட்டன. வேலைக்கு வராதவர்கள் இரண்டு மூன்று சதவீதமாகச் சுருங்கினார்கள். 1986 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்லா ஆலைகளையும் உற்பத்தித் திறனில் இது முந்தியிருந்தது.

இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்தவன் பயத்தில் ஒழுங்காகத்தானே வருவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பயம் ஓரளவு இருந்திருக்கும். ஆனால் 1988 வாக்கில் விற்பனை படுத்தபோது நம்மி யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சிக்கும் வேலைமுறையைச் சீர்செய்யவும் அனுப்பியது. வேலை போகாது என்று கண்ணால் பார்த்த பிறகும் ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள். அதைப் பயத்தின் கணக்கில் எழுத முடியாது.

கூட நின்று பழக்குவதைத்தான் கோச்சிங் என்கிறார்கள். கோச்சிங் என்றதும் தோளில் கைபோட்டு ‘நீ பார்த்துக்கோப்பா’ என்பது என்று பலர் நினைக்கிறார்கள். நம்மியில் கெடுபிடி குறைவில்லை. ஒவ்வோர் அசைவும் வினாடிக் கணக்கில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. வேகம் தாங்கவில்லை, இது அழுத்தம் கொடுத்து வேலை வாங்கும் நிர்வாகம் என்று தொழிற்சங்க இடதுசாரிகள் திட்டவும் செய்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வித்தியாசம், ஸ்டாப்வாட்ச் இப்போது தொழிலாளிகளின் கையில் இருந்தது. குழுவே தன் வேலையை அளந்து, எழுதி, மாற்றியது. கயிற்றை இழுத்தால் வருகிற டீம் லீடர் ‘ஏன் இழுத்தாய்’ என்று அதட்டுவதற்கு வருவதில்லை. என்ன தெரிந்தது என்று கேட்டு, சேர்ந்து சரிசெய்வார். முடிந்தால் கயிற்றை மறுபடி இழுத்து விளக்கை அணைப்பார்கள். கார் அந்தப் பகுதியின் எல்லைக்கு வருவதற்குள் முடியாவிட்டால் லைன் நிற்கும். பழைய ஆலையில் நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

இறுக்கிப் பிடித்தால் ஆர்வம் ஏன் வற்றுகிறது? 1975இல் லெப்பர், கிரீன் என்ற இரு உளவியலாளர்கள் சின்னக் குழந்தைகளுக்குப் புதிர் விளையாட்டு கொடுத்தார்கள். சிலரிடம், கேமரா உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். பிறகு தாமாக விளையாட விட்டபோது, கேமராவின் கீழ் விளையாடிய குழந்தைகள் அந்தப் புதிரை அவ்வளவாகத் தொடவில்லை. விளையாட்டு வேலையாகிவிட்டது.

பெரியவர்களிடம் இதை நானே பார்த்தேன். அம்பத்தூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்தேன். புதிதாக வந்த மேனேஜர் இரண்டு உத்தரவு போட்டார். மணிக்கொரு தடவை ட்ரேயைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட வேண்டும். லேத்தில் வெட்டும் முனையான டிப்பைச் சொல்லாமல் மாற்றக் கூடாது. எங்கள் லேத்தில் ஓர் அண்ணன் இருந்தார். டிப் தேய்வது சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அதுவரை தானே மாற்றிக்கொண்டிருந்தவர், உத்தரவுக்குப் பிறகு கையைக் கட்டிக்கொண்டார். ஒரு நாள் முழு ட்ரேயிலும், துளையின் அளவு பார்க்கும் ப்ளக் கேஜ் உள்ளே போகவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். “போட்டோ கேட்டீங்க, போட்டேன் சார். சத்தத்தை யாரும் கேட்கலையே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் உறைத்தது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, மேலாளரே வேண்டாம் என்பது. கூகுள் 2002இல் பொறியாளர்களுக்கு மேலே இருந்த மேலாளர்களை நீக்கிப் பார்த்தது. சில மாதங்களில் கைவிட்டது. பின்னாளில் அதே நிறுவனம், நல்ல மேலாளர்களிடம் என்ன இருக்கிறது என்று தேடி எழுதிய பட்டியலில் முதலில் வந்தது நல்ல கோச்சாக இருப்பது. அடுத்தது, சின்னச் சின்ன விஷயத்திலெல்லாம் மூக்கை நுழைக்காதிருப்பது.

சரி, எங்கேயும் கோச்சிங்தானா? பிரஸ் மெஷினில் பாதுகாப்புக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிறவனிடம், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மெஷினை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரத்து ஆளுக்கும் கேள்வியைவிட நேரான விடை நல்லது. இன்னொன்று, கோச்சிங்கைச் சாமானாக வாங்கி மாட்ட முடியாது. நம்மியைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலையிலும் 1987இல் குழு முறையைக் கொண்டுவந்தது. அங்கே அது வேர் பிடிக்கவில்லை, 1992இல் ஆலை மூடப்பட்டது. நம்மியோ 2010 வரை ஓடியது. முந்தைய வருடம் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது, பிறகு டொயோட்டாவும் கைவிட்டது, அதனால்தான் அது நின்றது.

எங்கள் மேனேஜர் ஒரு வருடத்தில் போய்விட்டார். அடுத்து வந்தவர் முதல் வாரம் முழுக்க அண்ணனின் லேத் பக்கத்தில் நின்றார். டிப்பை நீங்களே மாற்றுங்கள், மாற்றும்போது ஒரு கோடு மட்டும் போடுங்கள் என்று ஒரு சிலேட்டைக் கொடுத்தார். மாதம் முடிந்ததும் அண்ணனே சிலேட்டோடு வந்தார். இரண்டு மெஷினில் தேவைக்கு முன்னாலேயே மாற்றிக்கொண்டிருக்கிறோம், சத்தத்தை நம்பி நான்தான் அவசரப்பட்டிருக்கிறேன் என்றார்.