எட்டு வயது மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22.2

ரிச்சி தெருவில் 2017இல் வாங்கிய மடிக்கணினி என்னுடையது. இன்டெல் ஐ5 சில்லு, ஏழாம் தலைமுறை, 8 ஜிபி நினைவகம். நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தும் எனக்கு அது போதும். ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டுமாம். ஒரே ஒரு தலைமுறையில் தவறவிட்டேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் ஓராண்டு வரும் என்றார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன பிறகு தவணை கேட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் பிழைப்பு எனக்கு ஒத்துவராது.

அக்கா மகன் ஒரு பென்டிரைவோடு வந்தான். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் அதில் இருந்தது. நிறுவுவதற்கு முன்பே, வட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் எல்லாம் சரியாக இருந்ததால் துணிந்து நிறுவினோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தப் பதிப்புக்கு ஸாரா என்று பெயர். ஒவ்வொரு பதிப்புக்கும் பெண் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். 2029 வரை ஆதரவு உண்டு.

முகப்பு விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இல்லை. கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உண்மையான சோதனை, நான் தட்டச்சும் தமிழ் விசைப்பலகை அமைப்பான தமிழ்99. அமைப்புகளில் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ்நெட் 99 என்று தயாராகவே இருந்தது. மகிழ்ச்சியோடு சேர்த்துவிட்டு 'பக்கம்' என்று அடித்தேன். திரையில் 'பககம்' என்று வந்தது. தமிழ்99இன் அழகே ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாக விழுவதுதான். ங அடித்துக் க அடித்தால் ங்க. அந்தப் பட்டியலில் இருப்பதோ, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் அறிந்த வெறும் வரைபடம். இருபது ஆண்டுகளாகப் புள்ளியை நினைக்காமலே அடித்துப் பழகிய விரல்கள் அன்று மாலை முழுக்கத் தடுக்கி விழுந்தன.

"சித்தி, ஐபஸ் போட வேண்டும்" என்று அவன் தொலைபேசியில் சொன்னான். ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும், பல மொழித் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து, அதிலுள்ள தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தேன். h விசையை இரண்டு முறை தட்டினேன். க்க! புள்ளி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தினால் தமிழ் வருகிறது. அந்தச் சின்னத்துக்கு இந்த வீட்டில் இன்னும் வேலை இருக்கிறது.

அடுத்த அடி விழுந்தது லிப்ரெஆபிஸில்; வேர்டுக்குப் பதிலாக இங்கே இருக்கும் நிரல் அது. பதிப்பகம் அனுப்பிய வேர்ட் கோப்பு அவர்கள் கணினியில் 212 பக்கம், இங்கே திறந்தால் 227. பிழை இல்லை, கோப்பு லதா எழுத்துருவில் இருந்தது, அது விண்டோஸோடு வருவது, மின்ட்டில் இல்லை. வேறொரு எழுத்துரு வந்து நின்றுகொண்டது. பக்க எண்ணைச் சொல்லித் திருத்தம் அனுப்பினால் குழப்பம் என்பதால், இப்போது வரியையே எடுத்து எழுதி அனுப்புகிறேன். எழுத்துரு அளவிலும் கவனம் வேண்டும்: தமிழுக்குத் தனி அளவு, ஆங்கிலத்துக்குத் தனி அளவு என்று லிப்ரெஆபிஸ் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது.

பிடித்தது, புதுப்பிப்பு. மூலையில் சிறிய கேடயம் தெரியும்; நானாகச் சொடுக்கும்வரை சும்மா இருக்கும். முன்பொரு முறை கெடு நாளன்று திரை நீலமாகி 'அணைக்க வேண்டாம்' என்று முக்கால் மணி நேரம் என்னை உட்கார வைத்த நினைவு இன்னும் போகவில்லை. விசிறி இரைச்சலும் குறைந்திருக்கிறது. ஒன்றும் திறக்காமல் இருக்கும்போது நினைவகத்தில் சுமார் 1.2 ஜிபிதான் போகிறது.

நான் தோற்றுப்போன இடம் அச்சுப்பொறி. என்னிடம் இருப்பது பழைய சிறு லேசர். அதை இயக்கும் நிரலை (டிரைவர்) தேடி இரண்டு இரவு போனது. பட்டியலில் பெயர் வருகிறது, காகிதம் வரவில்லை. இப்போதைக்கு பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். பக்கத்துக்கு 2 ரூபாய்.