புழுக்க ஊரா, வறண்ட ஊரா? ராத்திரியை வைத்துப் பாருங்கள்

இரண்டு மாதிரி ஊரிலும் குடியிருந்து பார்த்தாகிவிட்டது. ஒன்று கடலோரம். வெயில் 33 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம், ஆனால் குளித்துவிட்டு வந்து சட்டை போட்ட பத்தாவது நிமிடம் அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி உள்ளே இருப்பது. கோடையில் 40 டிகிரி அங்கே சாதாரணம், கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் விறைத்துக் காய்ந்திருக்கும். நிலையாகத் தங்குவதற்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். 33 டிகிரியை விட்டுவிட்டு 40 டிகிரிக்குப் போகிறாயே என்று கேட்காத ஆளில்லை. அதனால் காரணத்தை விரிவாக எழுதி வைக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும், அதை மறைக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பகல் ஒரு மணி வெயிலில் நடக்க வேண்டியிருந்தால் வறண்ட ஊர் மோசம், நெருப்பை முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருக்கும். தோல், உதடு, மூக்கின் உள்பக்கம் எல்லாம் காய்ந்துபோகும், சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். கடலோரத்தில் இந்தத் தொல்லை இல்லை, மதியத்துக்கு மேல் கடல்காற்றும் எட்டிப் பார்க்கும், குளிர்காலமும் கடுமையாக இருக்காது. தோல் வறட்சி ஒன்றுதான் உங்கள் பெரிய கவலை என்றால் கடலோரமே நல்லது, மேலே படிக்கத் தேவையில்லை.

இனி நிஜமான விஷயம். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து ஊரை எடை போடக்கூடாது. நம் உள்ளுடல் 37 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தோல் 35-ஐ ஒட்டி இருக்கும். வெளிக்காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் உடம்புக்கு மிஞ்சுவது ஒரே வழி, வியர்வை ஆவியாவது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் தரையில் சொட்டினால் கிட்டத்தட்ட ஒன்றையும் எடுத்துப் போகாது, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இதை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று இருக்கிறது. வெப்பமானியின் முனையில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் அது எந்த டிகிரி வரை இறங்குகிறதோ அதுதான். இது குறையக் குறைய வியர்வை நன்றாக ஆவியாகும். 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 23 டிகிரிக்குப் பக்கம் வரும். 33 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 28 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அதாவது ஏழு டிகிரி குறைவாகக் காட்டுகிற ஊரில் வியர்வைக்கு வேலை செய்ய இடம் குறைவு. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆளால்கூடப் பல மணி நேரம் தாங்க முடியாது என்று 2010-இல் காலநிலை ஆய்வாளர்கள் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹியூபர் இருவரும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதுக்காரர்களை வைத்துச் சோதித்ததில், ஈரமான சூழலில் ஈரக்குமிழ் 31 டிகிரி அளவிலேயே உடம்பு தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் திணறுவது தெரிந்தது. கடலோரத்தின் 28 என்பது அங்கிருந்து அவ்வளவு தூரமில்லை.

ஆனாலும் பகலை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. பகலில் எந்த ஊரிலும் நிழல், கட்டடம், வேலை என்று சமாளித்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை தராசைச் சாய்த்தது ராத்திரிதான்.

காற்றில் இருக்கும் ஈரம் எந்த வெப்பநிலையில் பனித்துளியாக மாறத் தொடங்குமோ அதைப் பனிப்புள்ளி என்கிறார்கள். மேலே சொன்ன 40 டிகிரி ஊரில் அது 13 டிகிரி வாக்கில் இருக்கும், 33 டிகிரி ஊரில் 27. ராத்திரி எவ்வளவு குளிரலாம் என்பதற்கு இதுதான் ஒரு தரை மாதிரி. சூரியன் இறங்கியதும் நிலம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விடுகிறது. காற்று வறண்டு, மேகம் இல்லாமல் இருந்தால் அது தடையில்லாமல் வெளியேறும். காற்றில் நீராவி நிறைந்திருந்தால் அதுவே வெப்பத்தைப் பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பும். அப்படியும் இறங்கி இறங்கிப் பனிப்புள்ளியைத் தொட்டுவிட்டால் ஈரம் துளியாகத் தொடங்கும், துளியாகும்போது வெப்பத்தைக் கக்கும், அதற்குக் கீழே இறங்குவது சிரமம். அதனால்தான் சிங்கப்பூரில் பகல் 31, 32 என்றால் விடியற்காலை 25-இல் வந்து நின்றுவிடுகிறது, ஆண்டு முழுக்க அந்தச் சின்ன இடைவெளிதான். உள்நாட்டு வறண்ட ஊர்களில் பகலுக்கும் ராத்திரிக்கும் 15 டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? தூக்கம் வரவேண்டுமென்றால் உள்ளுடல் கொஞ்சம் குளிர வேண்டும், சாயங்காலத்திலிருந்து விடியற்காலைக்குள் சுமார் ஒரு டிகிரி இறங்கும். அதற்காக உடம்பு கைகால்களுக்கு ரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியே விடுகிறது. அறை புழுங்கினால் அந்த வெப்பம் போக வழியில்லை. புரண்டு புரண்டு படுப்போம், தலையணையைத் திருப்பிப் போடுவோம், தூங்கினாலும் ஆழ்ந்த தூக்கம் குறைந்துவிடும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. வருடத்தில் பாதிக்கு மேல் இப்படியே போனால் காலையில் எழும்போதே கழுத்தடி நசநசத்து, முந்தின நாள் அலுப்போடுதான் அடுத்த நாள் தொடங்கும். பகல் முழுக்க வெயில் வாங்கிய இதயத்துக்கும் ராத்திரிதான் ஓய்வு நேரம். வெப்ப அலை அடிக்கும்போது ராத்திரியும் தணியாவிட்டால் உயிரிழப்பு கூடுவதற்கு இது ஒரு காரணம். வறண்ட ஊரில் மாலை ஏழு மணிக்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால், பத்து மணிக்கு மெல்லிய போர்வை தேடுகிற நாட்கள் உண்டு. எனக்கு அது போதும், பகல் நாற்பதைப் பொறுத்துக்கொள்வேன்.

இதில் ஒரு விலக்கு உண்டு. வறண்ட ஊர் என்றாலே ராத்திரி குளிரும் என்று நம்பிவிட வேண்டாம். கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கத் துப்பிக்கொண்டே இருக்கும். நகரத்து ராத்திரி சுற்றுப்புறக் கிராமத்தைவிடச் சூடாக இருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் அளந்து சொல்லிவிட்டார். அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தொட்டது, அந்த நாட்களில் பல ராத்திரிகளில் 32-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆகவே வறண்ட ஊரில் நடு நகரத்து மாடிக் குடியிருப்பும், மரமும் வெற்று மண்ணும் உள்ள ஓரத்து வீடும் ஒன்றல்ல. நான் பின்னதில் இருக்கிறேன். முன்னதில் இருந்திருந்தால் இதே மாதிரி எழுதியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உடம்பு பழகிக்கொள்ளாதா என்று அடுத்த கேள்வி வரும். பழகும். தினமும் வெயிலில் கொஞ்ச நேரம் உடலை அசைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயத் துடிப்பு தணியும், வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். ஆனால் பழகிய உடம்பு செய்கிற முக்கியமான வேலையே அதிகமாக வியர்ப்பதுதான். வறண்ட காற்றில் அந்தக் கூடுதல் வியர்வை முழுக்கப் பயன்படும். புழுக்கத்தில் அதில் பெரும்பகுதி சொட்டி வீணாகும். பழக்கத்தின் பலன் இரண்டு இடத்திலும் ஒரே அளவு கிடைப்பதில்லை என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை. இன்னொன்று, நாள் முழுக்க ஏசி அறையில் இருந்துகொண்டு ஊர் பழகவில்லை என்று சொல்வதிலும் பொருளில்லை. பழகியதும் சில வாரம் விட்டுப்போனால் திரும்ப முதலிலிருந்துதான்.

ஏசி என்றதும் பராமரிப்பு ஞாபகம் வருகிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் முதன்முதலில் வடிவமைத்த நவீன ஏசி, ஆட்களுக்காகச் செய்ததல்ல. நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் உப்பி வண்ணங்கள் இடம் தவறிப் பதிந்தன, அந்த ஈரத்தை அடக்கத்தான் அது பிறந்தது. இன்றைக்கும் புழுக்க ஊரில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிவதற்கே போகிறது. வடிகுழாயின் கீழே வாளி வைத்துப் பாருங்கள், விடிவதற்குள் எவ்வளவு சேர்கிறது என்று தெரியும். அத்தனைக்கும் மின்கட்டணம் கட்டுகிறோம். வறண்ட ஊரில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிற ஏர்கூலரே பெரும்பாலான நாட்களுக்குப் போதும், அது இழுக்கிற மின்சாரம் ஏசி இழுப்பதில் ஒரு சிறு பங்குதான். அதே கூலரைக் கடலோரத்தில் ஓட விட்டால் அறை குளிராது, பாயும் சுவரும் ஈரமாவதுதான் கண்ட பலன்.

கூலருக்கும் வேலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் பக்கவாட்டுப் புல்தட்டியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும், காற்று வருவது குறையும், தட்டியைக் கழற்றித் தேய்க்க வேண்டும், கோடை முடிவதற்குள் மாற்றவும் வேண்டியிருக்கும். தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்துக் கழுவாவிட்டால் டெங்கு பரப்புகிற கொசு அதில் முட்டையிடும். எதிர்ப்பக்க ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், அடைத்து வைத்தால் அதுவே புழுக்கத்தை உண்டாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். வறண்ட ஊரில் கோடையில்தான் தண்ணீர்த் தட்டுப்பாடும் வரும், கூலருக்குத் தண்ணீர் வேண்டியதும் அப்போதுதான். குடியிருக்கப் போகிற பகுதியில் மே மாதம் மாதிரியான உச்சக் கோடையில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்காமல் வீடு பார்க்கவே கூடாது.

கடலோரத்தில் பராமரிப்பு வேறு வகை. அலமாரிக்குள் தோல் செருப்பிலும் பெல்ட்டிலும் பச்சையாகப் பூஞ்சை படரும், புத்தக ஓரம் பழுப்பேறும், இரும்பு எதுவானாலும் உப்புக் காற்றில் துரு ஏறும். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சையைத் தடுப்பது கடினம். வறண்ட ஊரில் மரக்கதவு சுருங்கி விரிசல் விடும், தூசி தினமும் துடைத்தாலும் தீராது. தூசியா பூஞ்சையா என்று கேட்டால் எனக்குத் தூசி பரவாயில்லை. மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு இது சொந்த விருப்பத்தால் முடிவு செய்கிற விஷயமில்லை, சிலருக்குத் தூசி ஆகாது, சிலருக்குப் பூஞ்சை ஆகாது, எது ஆகாது என்று மருத்துவரிடம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வறண்ட ஊரின் ஓர் ஆபத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வியர்வை கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். சட்டை உலர்ந்திருக்கும், உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது, வயதானவர்களுக்குத் தாக உணர்வே மட்டுப்பட்டிருக்கும் என்பதால் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். மின்விசிறியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அறைக்குள் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் விசிறி சூட்டைத்தான் உடம்பில் கொட்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுக் காற்று வாங்கினால் ஓரளவு சரியாகும்.

மூன்றாவதாக மேட்டு நில ஊர் ஒன்றைப் பலர் சொல்வார்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பதால் பொகோட்டா, நைரோபி மாதிரியான நகரங்கள் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் இதமாக இருக்கின்றன. வேலையும் வாடகையும் ஒத்துவந்தால் அதைப் போல வராது. ஆனால் நான் அப்படிப்பட்ட ஊரில் விருந்தாளியாகத் தங்கியதோடு சரி, வாழ்ந்ததில்லை, அதனால் அதன் குறைகளைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது. பனி விழுகிற குளிர் நாடுகளுக்கும் இதே பதில்தான். சின்னக் குழந்தையை வறண்ட ஊரில் வளர்ப்பது எப்படி என்பதும் என் அனுபவத்துக்கு வெளியே.

நீங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற நிலையில் இருந்தால், ஆண்டுச் சராசரி வெப்பநிலையைத் தேடாதீர்கள், அது ஒன்றும் சொல்லாது. அந்த ஊரின் மிக மோசமான மாதத்தில் ராத்திரி குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு, பனிப்புள்ளி எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பாருங்கள். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்தால் குழம்பிப்போவீர்கள், ஏனென்றால் விடியற்காலையில் எந்த ஊரிலும் அது கூடுதலாகத்தான் காட்டும். பனிப்புள்ளி 16-க்குக் கீழே என்றால் நிம்மதி, 24-க்கு மேலே என்றால் புழுக்கம் நிச்சயம், நடுவில் இருப்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. முடிந்தால் அந்த மாதத்திலேயே போய், குடியேற நினைக்கிற பகுதியில், ஏசி இல்லாத அறையில் சில ராத்திரி படுத்துப் பாருங்கள். மேல்மாடி அறை கிடைத்தால் இன்னும் நல்லது, மொட்டைமாடி வாங்கிய வெயில் எத்தனை மணிக்குத் தணிகிறது என்பதும் தெரிந்துவிடும்.