சீனாவின் சட்டமா, கேரளத்தின் பள்ளிக்கூடமா?

2019-21 கணக்கெடுப்பின்படி பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள். சட்டம் போட்டுக் குறைக்க வேண்டும் என்கிறார்கள் சிலர், பெண்களைப் படிக்க வைத்தாலே போதும் என்கிறார்கள் மற்றவர்கள். சரி, சட்டம் போட்டுப் பார்த்த சீனாவும், பெண்களைப் படிக்க வைத்துப் பார்த்த கேரளமும் இருக்கின்றனவே.

வேகம்
சீனா: ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1979-ல் 2.8 குழந்தைகள், 1991-ல் 2.0.
கேரளம்: அதே காலத்தில் 3.0-லிருந்து 1.8. அதுவும் யாரையும் மிரட்டாமல்!

சீனாவிலும் பெரிய இறக்கம் 1970-களிலேயே, ஒரு குழந்தைச் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

செலவு
சீனா: அபராதம், கண்காணிப்பு, கட்டாயக் கருக்கலைப்பு.
கேரளம்: பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம். பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

பெண்கள் நிலை
சீனா: 2010-ல் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 118 ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்றுதான் என்றால் பையனாக இருக்கட்டும் என்ற கணக்கு.
கேரளம்: 2011-ல் மொத்த மக்கள்தொகையில் 1000 ஆண்களுக்கு 1084 பெண்கள்.

வளர்ச்சி
இங்கே சீனா எங்கேயோ போய்விட்டது. ஆனால் அதற்குக் காரணம் 1978-க்குப் பிந்தைய பொருளாதாரச் சீர்திருத்தம். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் கிராமத்துப் பெண்களை லட்சக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. கேரளத்துப் பெண் படித்துவிட்டு, ஊரில் வேலை கிடைக்காமல் நர்ஸாக வளைகுடாவுக்கு விமானம் ஏறினாள்.

பீகாருக்குக் கேரளத்தின் பள்ளியும் சீனாவின் தொழிற்சாலையும் சேர்ந்தே வேண்டும், சட்டம் வேண்டாம். ஏற்கெனவே 2-க்குக் கீழே போய்விட்ட தமிழ்நாட்டுக்குக் குழந்தைக் காப்பகமும் பெண்களுக்கு வேலையும்தான் அவசரம்.