கணக்கெடுப்பா, காவலா?

அண்ணன் மகள் பாலிடெக்னிக் படிப்பை முடிக்கிறாள். "சித்தப்பா, காட்டு வேலைக்கு எங்கே சேரலாம்?" என்று கேட்டாள். 'சிங்கப்பூரில் காடா?' என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, லாப்ரடார், சுங்கை பூலோ என நான்கு இயற்கை வனப்பகுதிகள் நமக்கு உண்டு.

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். முதல் மூன்று ஆண்டு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம், பிறகு பூங்காப் பணி. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை.

தொழில் கற்க ஆலோசனை நிறுவனம்தான். ரயில், சாலை, வீடமைப்பு எதுவானாலும் மண்ணைத் தோண்டுமுன் அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று எண்ண வேண்டும். இரவில் நெற்றி விளக்குடன் ஓடையோரம் நடந்து நடந்து, தவளையைக் குரலாலேயே பிரித்தறிய அங்கேதான் கற்றேன்.

ஆனால் அறிக்கை போனதும் அந்த இடத்துக்கும் நமக்கும் உறவு அறுந்துவிடும். ஒருமுறை மரத்தில் கட்டியிருந்த கேமராவைக் கழற்றிக் கார்டைப் போட்டுப் பார்த்தேன். விழுந்து கிடந்த கட்டையோரம் ஒரு சருகுமான், பின்னாலேயே முயலளவுகூட இல்லாத குட்டி. அறிக்கையில் அது அட்டவணையின் ஒரு வரி. அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் பேருந்தில் போனபோது தகர வேலி நின்றது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது அதுதான். சதுப்புநிலத்தில் செப்டம்பரில் பவளக்காலி, உப்புக்கொத்தி போன்ற வலசைப் பறவைகள் வந்திறங்கும். மார்ச்சுக்குள் பெரும்பாலும் வடக்கே கிளம்பிவிடும். அதே சேற்றை ஐந்து பருவம் பார்த்தவனுக்கு, எந்த ஓதத்தில் எந்தத் திட்டு தலைகாட்டும் என்பது அத்துப்படி. இந்த ஆண்டு ஒரு திட்டு வெறிச்சென்றிருந்தால் உடனே உறுத்தும். ஒரு பருவம் மட்டும் எண்ணிவிட்டுப் போகிறவருக்கு அது உறுத்தாது. நாளைக்கே இடமாற்றம் வந்தால் என் வாதம் படுத்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

விலங்கைவிட மனிதரோடுதான் இங்கே அதிக நேரம் போகும். புல்வெட்டும் ஒப்பந்தக்காரர், குரங்குப் புகார், 5,000 வெள்ளி வரை அபராதம் என்று தெரிந்தும் ரொட்டி நீட்டும் அங்கிள். மண்டாய் விலங்குத்தோட்டப் பணியை நான் செய்ததில்லை. அங்கே இருக்கும் நண்பன், பாதி நாள் கழுவலும் தீனியும்தான் என்கிறான்.

"இரண்டு வருஷம் எண்ணிவிட்டு, பிறகு இங்கே வா" என்றேன். அவள் கேட்டது வேறு: "பூட்ஸ் காயுமா சித்தப்பா?"

இரண்டிலும் காயாது.