பழத்தோல்: ஊற வைப்பதா, புதைப்பதா, மக்க வைப்பதா?

பழக்கழிவைக் காய்கறிச் செடிக்குக் கொடுக்க மூன்று வழியையும் பார்த்துவிட்டேன். இப்போது மக்க வைப்பது மட்டும்தான்.

ஊற வைத்த தோல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாழைப்பழத் தோலின் சாம்பல்சத்து (பொட்டாசியம்) தண்ணீரில் கொஞ்சம் இறங்கும், தழைச்சத்து (நைட்ரஜன்) பெயருக்குத்தான். இரண்டு நாள் கூடுதலாக விட்டால் நாற்றம், ஊற்றிய இடத்தில் எறும்பு.

புதைப்பது சோம்பேறி வழி, அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. பச்சைத் தோலை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்ளும். கத்தரி நாற்றின் வேரோரம் புதைத்தபோது அடியிலைகள் வெளுத்துப் போயின. எலியும் தோண்டியது. செடி இல்லாத காலிப் பாத்தி என்றால் சரி, புதைக்கலாம்.

மக்க வைப்பதில் எல்லாமே ஈரம்தான். பழக்கழிவில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அப்படியே கொட்டிய என் முதல் தொட்டியில் அடியில் சேறு, காற்றோட்டம் இல்லை, புளித்த வாடை. மூடியைத் திறந்தால் முகத்தில் பழ ஈக்கள். இப்போது ஒரு கூடை தோலுக்கு இரண்டு கூடை காய்ந்த இலை. கலவையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிவேன். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு துளிர்த்தால் போதும். ஒழுகினால் இன்னும் இலை, உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். மேலே எப்போதும் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை இருக்க வேண்டும். தோல் வெளியே தெரிந்தால் ஈ முட்டையிடும், வெதுவெதுப்பான நாட்களில் பத்து நாளில் புதுப் படை வந்துவிடும். மழையும் படக்கூடாது, சாம்பல்சத்து கரைந்து அடித்துளை வழியே போய்விடும். வாரம் ஒருமுறை கிளறல், அவ்வளவுதான் வேலை.

குறையும் உண்டு. என் தொட்டியில் உரம் தயாராக மூன்று மாதம் ஆகிறது. சின்னத் தொட்டி விதை சாகும் அளவுக்குச் சூடேறாது, அதனால் வெண்டைப் பாத்தியில் பப்பாளிக் கன்று முளைக்கும். பிடுங்க மனசு வராமல் ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன்.

மண்புழுத் தொட்டி ஒரு பருவம்தான் வைத்திருந்தேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆரஞ்சுத் தோலை அள்ளிப் போட்டதும் புழுக்கள் மூலைக்கு ஒதுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

அப்புறம், கீரைக்கு இந்த உரம் மட்டும் போதாது. தழைச்சத்துக்குக் கொஞ்சம் புண்ணாக்கும் சேர்த்துத்தான் இடுகிறேன். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இதுவரை தனியாக எதுவும் தேவைப்படவில்லை.