கூகுள் வொர்க்ஸ்பேஸா, மைக்ரோசாஃப்ட் 365-ஆ? ஆள் விலகும் நாளை வைத்து ஓர் அலசல்

நாங்கள் பதினான்கு பேரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபோது மென்பொருள் என்று தனியாக எதையும் வாங்கவில்லை. அவரவர் சொந்த இலவச மெயில் கணக்கு, அதில் ஒரு ஷீட், அதை மற்றவர்களுக்கு ஷேர் செய்தால் வேலை நடந்தது. கொட்டேஷன் ஷீட்டை உருவாக்கியவர் வேறு வேலைக்குப் போனார். சில மாதம் கழித்து, கணக்கில் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களை அழித்திருக்கிறார். ஒரு கொட்டேஷன் அவசரமாகப் போக வேண்டிய காலையில் எங்கள் யார் திரையிலும் ஷீட் இல்லை. நல்ல மனிதர், போன் செய்ததும் மீட்டுக் கொடுத்தார். ஆனால் ஷீட்டின் உரிமையைச் சொந்தக் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்கு நேரடியாக மாற்ற வழியில்லை. நகல்தான் எடுக்க முடிந்தது. எந்த விலையை யார், எப்போது திருத்தினார்கள் என்ற வரலாறு நகலோடு வரவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது. அதன்பிறகுதான், அலுவலக மெயில், கோப்பு எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் தரும் கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 இரண்டையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம்.

மெயில், காலண்டர், வீடியோ மீட்டிங், இருபடிச் சரிபார்ப்பு எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எக்செல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை தாங்கும், கூகுள் ஷீட்ஸ் ஒரு கோப்பில் ஒரு கோடி கட்டம் தாங்கும் என்ற சண்டையும் எங்களுக்கு வேண்டாததுதான். எங்களிடம் இருப்பதிலேயே பெரிய ஷீட் ஆறாயிரம் வரிசை.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: ஒருவர் விலகும் நாளில் என்ன நடக்கும்? அதில் மைக்ரோசாஃப்ட் பக்கம் சாய்ந்தேன்.

முதலில் மெயில். மைக்ரோசாஃப்டில் விலகியவரின் மெயில்பாக்ஸைப் பகிர்வு மெயில்பாக்ஸாக, அதாவது பலர் சேர்ந்து திறக்கும் பெட்டியாக மாற்றலாம். 50 ஜிபிக்குள் இருந்தால் அதற்கு உரிமம் (ஆளுக்கு ஆள் கட்டும் சந்தா) தேவையில்லை. பழைய மெயில் அப்படியே இருக்கும், புதிதாக வருவதும் அங்கேயே விழும், இரண்டு பேரை உள்ளே விட்டால் போதும். வரிசை மட்டும் முக்கியம்: உரிமம் இருக்கும்போதே மாற்ற வேண்டும், பிறகுதான் உரிமத்தை எடுக்க வேண்டும். உள்நுழைவைத் தடுக்கலாம், ஆனால் கணக்கை அழிக்கக் கூடாது. கூகுளில் அதே பழைய மெயிலை வைத்திருக்க, காப்பகப் பயனர் என்ற தனிக் கட்டண உரிமம் வாங்க வேண்டும், இல்லையென்றால் மெயிலை வேறு கணக்குக்குக் கடத்த வேண்டும். நாங்கள் மாறிய பிறகு மூன்று பேர் விலகிவிட்டார்கள். மூன்று முறையும் மெயில் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்தது கோப்பு. மைக்ரோசாஃப்டின் குழு உரையாடல் செயலியான டீம்ஸில், குழுவுக்குப் பொதுவான சேனலில் போடும் கோப்பு, அந்த டீமின் ஷேர்பாயின்ட் தளத்தில், அதாவது பொதுக் கோப்புக் கிடங்கில் போய் உட்காரும். போட்டவர் விலகினாலும் அது நகராது, அதற்காக யாரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. கூகுளிலும் ஷேர்டு டிரைவ் என்ற பொதுக் கிடங்கு இருக்கிறது, அதில் வைத்தால் உரிமை நிறுவனத்துக்குத்தான். ஆனால் அவசரத்தில் ஒருவர் புது டாக்குமென்ட் திறந்தால் அது அவருடைய சொந்தக் கிடங்கான மை டிரைவில்தான் பிறக்கும், பிறகு யாராவது நினைவாக நகர்த்த வேண்டும். எங்கள் ஆட்கள் நகர்த்த மாட்டார்கள் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. கணக்கை அழிக்கும்போது நிர்வாகி அந்தக் கோப்புகளை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மறந்து அழித்துவிட்டால் கணக்கை மீட்க கூகுளில் 20 நாள், மைக்ரோசாஃப்டில் 30 நாள். தவறி அழித்த கோப்பு ஷேர்பாயின்ட் குப்பைத்தொட்டியில் 93 நாள் கிடக்கும். ஷேர்டு டிரைவில் 30 நாள், அதற்குமேல் நிர்வாகி மீட்க இன்னும் 25 நாள்.

நாளைக்கு நாமே இந்தச் சேவையை விட்டு வேறொன்றுக்கு மாறினால்? மைக்ரோசாஃப்டில் அவரவர் கோப்பு இருக்கும் ஒன்டிரைவ் ஃபோல்டரை வன்தட்டில் காப்பி எடுத்தால் வருவது நிஜமான வேர்டு, எக்செல் கோப்பு. கூகுள் டாக்ஸை அப்படிக் காப்பி எடுத்தால் கையில் இருப்பது வெறும் இணைப்பு, உள்ளடக்கம் வராது. முறையாக ஏற்றுமதி செய்தால் வேர்டாக வரும்தான். ஆனால் ஷீட்டில் இம்போர்ட்ரேஞ்ச், குவெரி போன்ற கூகுள் சூத்திரங்களைப் போட்டு வைத்திருந்தால் எக்செலில் அவை ஓடாது, மாற்றி எழுத வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், நான்கு பேர் ஒரே டாக்குமென்டில் ஒன்றாகத் தட்டச்சு செய்யும் சுகம் கூகுளில்தான். எக்செலிலும் சேர்ந்து எழுதலாம், ஆனால் அந்த லாவகம் இல்லை. நிர்வாகப் பக்கமும் கூகுளில் ஒரு மதியத்தில் பிடிபடும். மைக்ரோசாஃப்டில் ஒரே அமைப்பைத் தேடி மூன்று நிர்வாக மையம் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லோரும் ஏற்கெனவே ஷேர்டு டிரைவில் ஒழுங்காக வைத்துப் பழகிய குழு என்றால், மாறச் சொல்ல எனக்கு வாய் வராது. நூறு பேர் இருக்கும் இடத்தில் எது தேறும் என்றும் எனக்குத் தெரியாது, என் அனுபவம் பதினான்கோடு நிற்கிறது. ஷீட்டில் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலான மேக்ரோவும் நாங்கள் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உலாவியில் திறக்கும் எக்செலில், மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ ஓடாது.

நான் தேர்ந்தெடுத்ததிலும் ஓர் ஓட்டை உண்டு. டீம்ஸில் தனிச் சாட்டில் அனுப்பும் கோப்பு சேனலுக்குப் போகாது, அனுப்பியவரின் ஒன்டிரைவில் போய் விழும். அவர் கணக்கை அழித்துவிட்டால் இயல்பாக 30 நாள்தான் இருக்கும். நிர்வாகி நினைத்தால் 3,650 நாள் வரை நீட்டலாம், நாங்கள் ஒரு வருடமாக வைத்திருக்கிறோம். ஆனால் 2025 முதல், உரிமம் இல்லாத ஒன்டிரைவ் 93-ஆவது நாளில் காப்பகத்துக்குப் போய்விடும், மறுபடி திறக்கக் கட்டணம் கட்ட வேண்டும். “சாட்ல அனுப்பாதீங்க, சேனல்ல போடுங்க” என்று நான் கத்தாத வாரமில்லை. போன வாரம் “சரிங்க சார்” என்று பதில் வந்தது. கூடவே ஒரு எக்செல் கோப்பும், சாட்டில்.