நான்காவது முறை பற்றவைத்த பிறகு: சொந்தமாகச் செய்த மைக் கேபிளும் ஃபேன்டம் அடாப்டரும்

காட்டுச் சத்தங்களைப் பதிவு செய்ய நானே செய்த மைக் ஜோடியில், போன ஞாயிற்றுக்கிழமை இடது சானல் மறுபடியும் கரகரத்தது. பிரித்துப் பார்த்தால் அதே இடம்தான், எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) பிளக்குக்குள் வயர் நுழைகிற வாய். மூன்று வருடத்தில் இது நான்காவது தடவை. சால்டரிங் அயர்ன் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன், அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். நண்பர் ஒருவர், "உங்க மாதிரி நானும் ஒரு ஜோடி செஞ்சுக்கலாமா, இல்ல ரெடிமேடா வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கும் இதுதான் பதில்.

என்னிடம் இருப்பவை பிரைமோ இஎம்272 கேப்ஸ்யூல்கள் (மைக்கில் ஒலியை வாங்கும் பாகம்) இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று மீட்டர் மெல்லிய ஷீல்டு வயர் (உள்ளே மெல்லிய இழைகளால் ஆன உறை சுற்றியது), முனையில் எக்ஸ்எல்ஆர் பிளக். ரெக்கார்டர் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட்டை, அதாவது ஃபேன்டமை, கேப்ஸ்யூல் தாங்கும் அளவுக்கு இறக்குகிற சர்க்யூட் அந்த பிளக்குக்குள்ளேயே அடங்கிவிடும். ரெக்கார்டர் ஜூம் எஃப்3.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேப்ஸ்யூலின் சொந்த இரைச்சல் 14 டெசிபல்தான். அது எவ்வளவு குறைவு என்பது வால்பாறையில்தான் எனக்குப் புரிந்தது. மழைக்காலத்து விடியலுக்கு முன்னால், தேயிலைத் தோட்டத்து ஓரமாக இரண்டு மைக்கையும் ஒரு மரத்தின் இருபுறமும் கட்டிவிட்டு ஹெட்போனை மாட்டினேன். சில்வர் ஓக் இலையிலிருந்து சொட்டும் நீர் தேயிலையில் விழுவது, சற்றுத் தள்ளித் தரையில் விழுவது, இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. அப்புறம் தூரத்து ஓடைப் பக்கமிருந்து சீகாரப் பூங்குருவி, யாரோ சிறுவன் விசிலடித்துக்கொண்டு நடப்பதுபோல, பாட ஆரம்பித்தது. பழைய ரெக்கார்டரின் சொந்த மைக்கில் இதே இடம் வெறும் 'உஸ்' என்றுதான் பதிவாகியிருந்தது. அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

சர்க்யூட்டும் பெரிய வித்தை இல்லை. மின்தடை, மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ஜீனர் டையோடு, கெபாசிட்டர்கள், எல்லாமே ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கக்கூடியவை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஜீனர் தானாகவே இரையும். முதல் ஜோடியில் ஜீனரிலிருந்து நேராகக் கேப்ஸ்யூலுக்கு மின்சாரம் கொடுத்திருந்தேன். 14 டெசிபல் கேப்ஸ்யூல் வாங்கியதே வீண் என்கிற அளவுக்கு இரைந்தது. ஜீனருக்கு அடுத்து ஒரு 10 கிலோஓம் மின்தடையும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்ட பிறகு அடங்கியது. அந்தக் கெபாசிட்டர் நிரம்பச் சில நொடி ஆகும். ஃபேன்டமைப் போட்டவுடனே பதிவைத் தொடங்காமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதில் எனக்குக் குறையே இல்லை. மூன்று வருடமாக சர்க்யூட் ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை.

தகராறு முழுக்க வயர் நுழைகிற அந்த வாயில்தான். பிளக்கின் பின்புறத்தில் வயரைக் கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிடி, மேடையில் புரளும் தடித்த மைக் கேபிளுக்காகச் செய்தது. என் வயரோ இரண்டரை மில்லிமீட்டர். திருகை எவ்வளவு முறுக்கினாலும் பிடி வயரைத் தொடுவதில்லை. கேபிளைச் சுருட்டும்போதெல்லாம் வயர் உள்ளே லேசாகத் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் பற்றவைத்த இடத்தில் போய்ச் சேரும். ஷீல்டின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். கடைசி இழை அறும்வரை மைக் ஒழுங்காக வேலை செய்யும், அதுதான் கொடுமை. வீட்டில் சோதித்தால் சரியாக இருக்கும். காட்டில், விடியற்காலை நாலரை மணிக்குக் கரகரக்கும்.

இரண்டாவது தடவை இதை நான் ஈரம் என்று நினைத்தேன். என்னுடையது மாதிரி எலெக்ட்ரெட் வகைக் கேப்ஸ்யூலில் ஈரம் ஏறினால் இதே மாதிரிப் பொரிகிற சத்தம் வருவது உண்மைதான். கேப்ஸ்யூலைக் கழற்றி, சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு நாள் வைத்துக் காத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் நல்ல மழை, தவளைகள் கத்தித் தீர்த்தன. ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. பிளக்கைப் பிடித்து வயரை ஒருமுறை ஆட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கரகரப்பு வந்தால் முதலில் வயரை ஆட்டுங்கள், அப்புறம் ஈரத்தைப் பாருங்கள்.

இப்போது சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு சுருக்கி, பிடி கவ்வுகிற தடிமனுக்கு வயரைக் கொண்டுவந்திருக்கிறேன். வெளி அடுக்கு உள்ளே பசை பூசிய வகை. இழுத்தால் அசையவில்லை. போன முறை இரண்டு அடுக்கு போட்டபோதும் அசையவில்லை, எட்டு மாதம் கழித்துத்தான் அசைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கை எக்ஸ்எல்ஆராக மாற்றும் சாதா கன்வெர்ட்டரை மாட்டி யாரும் ஃபேன்டமைப் போட்டுவிடாதீர்கள். பலவற்றில் உள்ளே வெறும் வயர்தான் இருக்கும், மின்னழுத்தத்தை இறக்க எதுவுமே இருக்காது. இந்தக் கேப்ஸ்யூலுக்கு 10 வோல்ட்தான் உச்சவரம்பு.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். செய்ய வேண்டாம். ஃபேன்டமை இறக்கித் தருகிற ரெடிமேட் அடாப்டர் கடையில் கிடைக்கிறது, 3.5 மில்லிமீட்டர் ஜாக் வைத்த மைக்கும் கிடைக்கிறது. இரண்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போங்கள். விடியலில் உட்கார்ந்து பிளக்கைத் திருகிக்கொண்டிருக்கிற பாடு உங்களுக்கு வேண்டாம்.

அப்படியானால் உங்கள் ஜோடியை எனக்குக் கொடுத்துவிடுகிறீர்களா என்றும் கேட்டிருந்தார். தர மாட்டேன். ஜூன் மாதம் மறுபடி வால்பாறை போகிறேன், அதற்குள் நாலாவது அடுக்கு ஒன்றும் போட வேண்டியிருக்கிறது.